குவாட்காப்டரில் கன்ட்ரோலர் போர்டை எங்கே வைக்கணும்?



போன மாதம் நம் மைதானத்தில் எங்கள் குழுவின் குவாட்காப்டர் கிளம்பின வேகத்திலேயே குப்புறக் கவிழ்ந்ததை நிறையப் பேர் பார்த்தீர்கள். பார்க்காதவர்கள் சத்தத்தையாவது கேட்டிருப்பீர்கள். மூன்று இறக்கை உடைந்தது. ஒரு கையில் விரிசல். அன்றிலிருந்து பள்ளி முழுக்க ஒரே பேச்சுதான்: "கன்ட்ரோலர் போர்டை நடுவுல வைக்காம ஓரமா வச்சிட்டான், அதான் கவிழ்ந்திடுச்சு." ஓரமாக வைத்தது எங்கள் குழுவில் இருந்த எட்டாம் வகுப்புத் தம்பி. அவன் அதற்கப்புறம் மாலையில் லேபுக்கு வருவதே இல்லை.

அன்றைக்கு நானும் அதையேதான் சொன்னேன். அது தப்பு. ஏன் தப்பு என்று எழுதத்தான் இந்த இதழில் இரண்டு தாள் கேட்டு வாங்கினேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். இன்டர்வெல்லில் பாதி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மீதி என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் போர்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். குவாட்காப்டருக்கு நான்கு மோட்டார், நான்கு இறக்கை. எதிரெதிர் மூலையில் இருக்கிற இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றும். மற்ற இரண்டும் அதற்கு மாறாகச் சுற்றும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் உடம்பும் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும் (நியூட்டனின் மூன்றாம் விதி, நமக்குப் பாடம்). விமானத்துக்கு இறக்கையும் வாலும் இருப்பதால் காற்றே ஓரளவு அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். குவாட்காப்டருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. விரல் நுனியில் துடைப்பக் குச்சியை நிறுத்துகிற மாதிரிதான். சாயச் சாய யாராவது சரி பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. மனுஷக் கையால் முடியாது. போர்டுதான் அதைச் செய்கிறது. முன்பக்கம் தாழ்ந்தால் முன் மோட்டார்களை வேகப்படுத்தும். இடது பக்கம் தாழ்ந்தால் இடது மோட்டார்களை. அவ்வளவுதான் அதன் வேலை.

தாழ்ந்தது என்று போர்டுக்கு எப்படித் தெரியும்? போர்டின் மேல் நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. உளுந்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் இரண்டு உணர்விகள். ஒன்று கைரோ. எவ்வளவு வேகமாகச் சுழல்கிறோம் என்று அது சொல்லும். இன்னொன்று முடுக்கமானி. எந்தப் பக்கம் கீழே, எந்தப் பக்கம் தள்ளல் என்று சொல்லும். செல்போனைப் படுக்க வைத்தால் படமும் படுத்துக்கொள்கிறதே, அந்த வேலை முடுக்கமானியுடையது.

இனிமேல்தான் விஷயம். மாசித் திருவிழாவுக்கு நம் கந்தசாமி கோயில் பக்கம் குடை ராட்டினம் போடுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளி ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ராட்டினக்கார அண்ணன் நடுக் கம்பத்தை ஒட்டி நிற்கிறார். ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பேரும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றியிருப்பீர்கள். கோயில் கோபுரம் இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில்தான் திரும்பி வரும். இதுதான் கைரோ. கைரோவை நடுவில் வைத்தாலும் சரி, ஓரத்தில் வைத்தாலும் சரி, இறக்கைக்கு அடியிலேயே வைத்தாலும் சரி, கெட்டியான ஒரே உடம்பில் இருக்கிற வரைக்கும் ஒரே கணக்குதான் காட்டும்.

ஆனால் வெளியே தள்ளுகிற மாதிரி இருக்கிறதே, அது உங்களுக்கு மட்டும்தான். அண்ணன் வெத்தலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். உங்கள் சீட்டு சங்கிலியோடு சாய்ந்து நிற்கிறது. இதுதான் முடுக்கமானி. அது நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகச் சுழலும்போது அதிகமாக ஏமாறும். நிஜத்தில் நேராக இருந்தாலும் "சாய்ஞ்சிருக்கோம்" என்று சொல்லும்.

எவ்வளவு ஏமாறும்? நம் ஒன்பதாம் வகுப்பு இயக்கம் பாடத்தில் மையநோக்கு முடுக்கம் என்று வருகிறதே, திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுப்பது, அதை வைத்தே போட்டுப் பார்த்தேன். எங்கள் போர்டு நடுவிலிருந்து 7 செ.மீ. தள்ளி இருந்தது. குவாட்காப்டர் நின்ற இடத்திலேயே 2 நொடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று வைப்போம். வட்டத்தின் சுற்றளவு 2 × 3.14 × 0.07 மீட்டர். அதை 2 நொடியால் வகுத்தால் திசைவேகம் நொடிக்கு 0.22 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.07-ஆல் வகுத்தால் சுமார் 0.69. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. அதாவது அதில் 14-இல் ஒரு பங்கு. கோணமாக மாற்றினால் சுமார் 4 டிகிரி. அதுவே நொடிக்கு ஒரு சுற்று என்று வேகமாகத் திருப்பினால் நான்கு மடங்காகி 2.8 வரும். கோணம் கிட்டத்தட்ட 16 டிகிரி! இது பெரிய பொய். ஒரு சென்டிமீட்டர் மட்டும் தள்ளி இருந்தால், முதலில் சொன்ன வேகத்துக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல். அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

(கோணம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: டேன் தலைகீழ் அட்டவணை. கணக்கு டீச்சர் கூட உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்கள். நன்றி டீச்சர்.)

போர்டில் இருக்கும் மென்பொருளும் முட்டாள் இல்லை. அந்தந்த நொடிக்கு கைரோவைத்தான் அதிகம் நம்பும். முடுக்கமானி சொல்வதை மெதுமெதுவாகத்தான் சேர்த்துக்கொள்ளும். அதனால் கொஞ்ச நேரம் சுற்றி நின்றுவிட்டால் அந்த 4 டிகிரி முழுசாகப் பாதிக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தத் தொல்லை எல்லாம் எப்போது வரும்? சுழலும்போது. எங்கள் குவாட்காப்டர் எப்போது கவிழ்ந்தது? தரையை விட்டு ஒரு சாண் எழும்பும் முன்பே. சுழலவே இல்லை. சுழலாத ராட்டினத்தில் வெளிச் சீட்டுக்காரருக்கும் நடுவில் நிற்பவருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அப்படியானால் ஓரத்தில் வைத்ததால் அது கவிழ்ந்திருக்க முடியாது. வேறு ஏதோ தப்பு.

இது எனக்கு ஒரு ராத்திரி படுக்கும்போதுதான் தோன்றியது. மறுநாள் சாரிடம் சொல்லி, இறக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் மெதுவாக ஓடவிட்டோம். (இறக்கையை மாட்டிக்கொண்டு கையில் பிடித்து இந்தச் சோதனை செய்யவே கூடாது. விரல் போய்விடும்.) சார் இரண்டு கையாலும் தூக்கி முன்பக்கம் தாழ்த்தினார். முன் மோட்டார்கள் வேகமாகணும். ஆகலை. பின் மோட்டார்கள் "ங்ஙீ" என்று கத்தின. முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கத்தைத் தூக்குகிறது! விழுகிறவனை எழுப்பாமல் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. கவிழாமல் என்ன செய்யும்?

போர்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது குவாட்காப்டரின் முன்பக்கத்தைப் பார்க்கணும். எங்கள் போர்டில் அது பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைத் திருப்பி வைத்தது தம்பி இல்லை. நான்தான். பறக்கவிடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் யூ.எஸ்.பி. வயர் பேட்டரியில் இடிக்கிறது என்று போர்டைப் பிய்த்து எடுத்து அப்படியே திருப்பி ஒட்டினேன். திருப்பினால் மென்பொருளிலும் "180 டிகிரி திருப்பியிருக்கிறது" என்று மாற்ற வேண்டும். அதை மாற்றவில்லை. அம்புக்குறி எதற்கு என்றே அன்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவும் இல்லை. எல்லோரும் தம்பியைச் சொன்னபோது, திருப்பினது நினைவிருந்தும் அது காரணமாக இருக்காது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு சும்மா இருந்தேன்.

ஆனால் வாயால் சொன்னால் மட்டும் போதாது அல்லவா? ஓரமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு செட் இறக்கை. சார் கேட்டார், "இதுவும் உடைஞ்சா கண்காட்சிக்கு என்னம்மா பண்ணுவே?" எனக்குப் பதில் தெரியவில்லை. இருந்தாலும் போர்டை தம்பி வைத்த அதே ஓரத்தில், அதே 7 செ.மீ. தள்ளி, அம்புக்குறியை மட்டும் சரியாக முன்னால் பார்க்க வைத்து ஒட்டினோம். வெளியே தாராளமாகப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகள் எல்லாம் இருக்கின்றன. அதனால் நான்கு கைகளிலும் நைலான் கயிறு கட்டி, கயிற்றை நான்கு செங்கல்லில் கட்டி, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாதபடி செய்தோம். சார் ஸ்டிக்கைத் தூக்கினார். எழுந்தது. நின்றது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினோம். பதினேழு வரை போனது. அப்புறம் சார் நின்ற இடத்திலேயே சுற்றிப் பார்த்தார். அப்போது மட்டும் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் ஒரு கயிறு இறுகியது. சுற்றலை நிறுத்தியதும் மறுபடி தேறியது. ஓரத்தின் குற்றம் அந்த வழுக்கல் அளவுதான்.

சரி, அப்படியானால் எங்கேதான் வைப்பது? நடுவில் வைப்பதுதான் நல்லது. நடு என்றால் சட்டத்தின் நடு இல்லை, ஈர்ப்பு மையம். பறக்கிற பொருள் அதைச் சுற்றித்தான் திரும்பும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் நின்றுகொண்டிருக்கிறதே, அதைக் காட்டித்தான் சார் எப்போதும் ஈர்ப்பு மையம் நடத்துவார். குவாட்காப்டரில் கண்டுபிடிப்பது அதை விட சுலபம். பேட்டரி எல்லாம் மாட்டிய பிறகு இரண்டு ஆள்காட்டி விரலால் எதிரெதிர்ப் பக்கம் தாங்கித் தூக்கணும். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற கோட்டைச் சாக்பீஸால் குறிக்கணும். அடுத்து மற்ற இரண்டு பக்கம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழேயோ மேலேயோதான் மையம். பேட்டரியை நகர்த்தினால் மையமும் நகரும். அதனால் பேட்டரியை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் போர்டை ஒட்டுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

ஆனால் இடத்தை விட முக்கியமானது அதிர்வு. இதை எங்களில் யாருமே யோசிக்கவில்லை. இறக்கை நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100. ஓர் இறக்கை துளி எடை கூடியிருந்தாலும் நொடிக்கு நூறு உதறல் சட்டம் வழியாகப் போர்டுக்கு வரும். முடுக்கமானிக்கு அது நிலநடுக்கம். ஆர்டுபைலட் என்று உலகம் முழுக்க இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருள் இருக்கிறது. அதன் வழிகாட்டியில் அதிர்வு 30 மீ/வி²-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிக்கல்தான் என்று போட்டிருக்கிறது. அதனால் போர்டை நேராகத் திருகி முடுக்காமல் இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பில் நான்கு மூலைக்கும் நான்கு துண்டு வைத்து ஒட்டுகிறார்கள். அதற்காக பெஞ்ச் துடைக்கிற ஸ்பாஞ்சைத் தடியாக வைத்தால் போர்டு தனியாக ஆட ஆரம்பிக்கும். உடம்பு நேராக இருக்கும், போர்டு மட்டும் தலையாட்டும். முன்னே கைரோ எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று சொன்னேனே, அது உடம்போடு ஒட்டியிருந்தால்தான். வயர்களும் இழுத்துப் பிடித்திருக்கக் கூடாது. இழுத்த வயர் வீணைக் கம்பி மாதிரி அதிர்வைக் கொண்டுவந்து சேர்க்கும்.

எங்கள் போர்டில் திசைகாட்டி கிடையாது. பெரிய ட்ரோன்களில் உண்டு. அதற்கு நடு இடமே ஆகாது. 1820-இல் ஆயர்ஸ்டெட் மின்சாரக் கம்பி பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைப் பார்த்தார் என்று நம் பாடத்தில் வருகிறது. ஒரே ஒரு கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் 2 செ.மீ. தூரத்தில் 200 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம். நம் ஊரில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40-தான். ஐந்து மடங்கு சத்தம் போடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பூமி பேசுவது எப்படிக் கேட்கும்? அதனால்தான் பெரிய ட்ரோன்களில் காளான் மாதிரி ஒரு தண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஜி.பி.எஸ்.ஸும் திசைகாட்டியும் அதன் தலையில். பேட்டரியின் சிவப்பு, கறுப்பு வயர்களை முறுக்கி விட்டால் ஒன்றின் புலத்தை மற்றது பெருமளவு அடித்துவிடும்.

உயரம் பார்க்கும் காற்றழுத்தமானிக்கு நம் ஊரில் தனித் தொல்லை. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். மதியத்துக்கு மேல் கோவளம் பக்கமிருந்து வரும் கடற்காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேராக உணர்வி மேல் அடித்தால் அதுவே 15 பாஸ்கல் காட்டும். ட்ரோன் நின்ற இடத்தில் நின்றாலும் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். உணர்வியின் மேல் காற்று கசியும் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டை வைத்தால் போதும்.

நடு இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் நிறைய. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் தக்ஷா என்ற மாணவர் குழு இருக்கிறது தெரியுமா? நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்தாரே, அந்தக் குழுதான். 2018-இல் ஆஸ்திரேலியாவின் டால்பியில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினார்கள். 2020-இல் கொரோனா சமயத்தில் கிருமிநாசினி தெளித்ததும் அவர்கள் ட்ரோன்கள்தான். இப்போது வயலில் மருந்தடிக்கவும் ட்ரோன் வந்துவிட்டது. மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புக்கொண்டது. மருந்தடிக்கும் ட்ரோனில் 10 லிட்டர் தொட்டி என்றால் 10 கிலோ, அதுவும் பறக்கப் பறக்கக் குறைகிற 10 கிலோ. காலி எடை 15 கிலோ என்று வைத்துக்கொண்டு, தொட்டியை 10 செ.மீ. பக்கவாட்டில் வைத்துக் கணக்குப் போட்டால், நிரம்பியிருக்கும்போது மையம் 4 செ.மீ. நகர்ந்து நிற்கிறது. காலியானதும் பழைய இடத்துக்கு வருகிறது. ஆகவே எடை மாறுகிற பொருளுக்குத்தான் நடுவில் முதல் உரிமை. தொட்டி நடுவில் கீழே, போர்டு அதற்கு மேல் தட்டில். பந்தியில் பாட்டிக்கு முதல் இலை போடுகிற மாதிரி.

இன்னொன்று. நடுவில் இருக்க வேண்டியது போர்டு முழுசும் இல்லை, அந்த உளுந்தளவு சில்லு மட்டும்தான். இதை மிக அழகாகச் செய்தது செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர். எடை 1.8 கிலோ. 2021 ஏப்ரல் 19-இல் முதலில் பறந்தது. ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 2024 ஜனவரி வரை 72 தடவை பறந்தது. அதன் கணினியும் பேட்டரியும் கீழே பெட்டிக்குள். சுழற்சியையும் முடுக்கத்தையும் பார்க்கும் உணர்வியை மட்டும் தனியாகப் பிரித்து, தண்டில், நிறை மையத்துக்குப் பக்கத்தில், அதிர்வு தாக்காதபடி வைத்தார்கள். அந்த உணர்வி ஏதோ கோடி ரூபாய்ச் சாமான் இல்லை, செல்போனில் போடுகிற ரகம். அத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் ராட்டினக் கணக்கு அதேதான்.

பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச்சில் வரைந்திருப்பது எங்கள் புதுத் திட்டம். பேட்டரி கீழ்த் தட்டின் நடுவில், போர்டு மேல் தட்டின் நடுவில், அம்புக்குறி முன்னால். யூ.எஸ்.பி. வயருக்கு வளைந்த பின் ஒன்று வாங்கியாச்சு. படத்தில் மோட்டார் வட்டங்கள் கோணலாக இருக்கும், காம்பஸ் பாக்ஸ் வீட்டில் விட்டுவிட்டேன்.

எட்டாம் வகுப்புத் தம்பிக்கு: போர்டு இன்னும் நீ வச்ச இடத்துலதான் இருக்கு. நடுவுக்கு மாத்த ஃபோம் டேப் நாலு துண்டு வெட்டி லேப் அலமாரியில சோப்பு டப்பாக்குள்ள வச்சிருக்கேன். யாரையும் ஒட்ட விடலை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வா. வேடிக்கை பார்க்க வர்றவங்க வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்க.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, திருப்போரூர்